ரிப்பன் மாளிகையிலிருந்து கோட்டைக்குப் போகும் மனு



இந்த உரையை நாங்கள் சிலர் பல மாலைகள் கூடிப் பேசி எழுதினோம். ஒருவர் குரலில் வாசித்தாலும் இது பலருடைய பேச்சு. அதனால் தொடக்கம் முதல் இறுதிவரை 'நாங்கள்', 'நாம்' என்றே வரும்.

இந்த மேடையில் வழக்கமாகக் கதையும் கவிதையும் தன்வரலாறும் பேசப்படும். இன்று நாங்கள் பேசப்போவது ஒரு மனுவைப் பற்றி. சென்னை மாநகராட்சி தமிழ்நாடு சட்டமன்றத்திடம் எதைக் கேட்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி. இலக்கிய மன்றத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நம் எழுத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே காலத்தில்தான் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனுவும் அனுப்பினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாக வந்து நிறைவார்கள், நம் மக்களுக்கு நீதி கிடைக்காது என்பது அந்த மனுவின் வாதம். 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். மனுவின் நீளம் 112 அடி. பண்டிதர் அயோத்திதாசர் 1891இல் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசுப் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் அரசு அலுவலகத்திலும் யாரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் அதே மன்றத்தில் நிறைவேறச் செய்தவர் ரெட்டைமலை சீனிவாசன். தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

ஆகவே மனுவும் தீர்மானமும் நம் முன்னோர் கையாண்ட எழுத்து வடிவங்கள். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கலையை நாம் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவும்தான் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

இனி நகரத்துக்கு வருவோம். ரிப்பன் மாளிகைக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். ஒன்றில் மாநகராட்சி மன்றம் கூடுகிறது. மற்றொன்றில் சட்டமன்றம் கூடுகிறது. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. இந்தியாவிலேயே பழையது. அவ்வளவு பழைய நகர அரசாங்கம், தன் மக்களுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால், இந்தத் தூரத்தைக் கடந்து கோட்டையில் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. ஏன் அப்படி?

காரணம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் அதில் இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று 243டி என்று ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் இடஒதுக்கீட்டுப் பிரிவு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்பட்டே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. தலைவர் பதவிகளுக்கும் அதே கட்டாயம் உண்டு. மற்றொன்று 243டபிள்யூ. நகராட்சிகளுக்கு அதிகாரம் தருவது பற்றிய பிரிவு. மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி அதிகாரம் 'வழங்கலாம்' என்றுதான் அதில் இருக்கிறது. 'வழங்க வேண்டும்' என்று இல்லை.

ஒரு வினைச்சொல்லின் விகுதியில் எவ்வளவு பெரிய வேறுபாடு என்று பாருங்கள். நாற்காலி கட்டாயம். அதிகாரம் விருப்பம். நாற்காலிக்கு நாம் போய்ச் சேர்ந்தோம். 2022 மார்ச் மாதம் சென்னையின் மேயராக இரா. பிரியா பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். 200 வார்டுகளில் 32 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் பாதி பெண்களுக்கு. இந்த நாற்காலிகள் சும்மா கிடைத்தவை அல்ல. ஆனால் உட்கார்ந்த பிறகு கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலானவை கோட்டையில் இருக்கின்றன.

பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்கு உரியவை என்று 18 பணிகளைச் சொல்கிறது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. சென்னையில் அது பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. குடிநீர் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கே அதுவும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. குடிசைப் பகுதி மேம்பாடு பட்டியலில் உண்டு. அது 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்திடம், இன்றைய பெயரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. மாநகராட்சி ஆணையர் மாநில அரசு நியமிக்கும் இ.ஆ.ப. அதிகாரி. இவற்றில் எதுவும் மேயருக்குக் கட்டுப்பட்டதல்ல. நம் தெருவில் சாக்கடை பொங்கினால் கவுன்சிலரிடம் போகிறோம். அவர் வாரியத்துக்குப் போன் போடுகிறார். நாம் செய்யக்கூடிய அதே வேலையைத்தான் அவரும் செய்கிறார்.

மன்றம் இருக்கிறதா இல்லையா என்பதே கோட்டையின் கையில்தான் இருந்திருக்கிறது. 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 23 ஆண்டுகள் இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே கிடையாது. 2016இல் ஒரு மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்தது 2022இல் வந்தது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் மாறிக்கொண்டே வந்தது. 1996இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மறைமுகம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை.

இன்னொரு வாசலும் ஒரு காலத்தில் இருந்தது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில், அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 171ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் 1986இல் மேலவை ஒழிக்கப்பட்டது. மேலவை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. அது போனபோது, நகராட்சிகள் சட்டமன்றத்துக்குள் ஆள் அனுப்பும் வழியும் போனது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது கேட்பது மட்டும்தான்.

அமெரிக்காவில் பல நகரங்கள் இந்தக் கேட்பதையே ஒரு முறையான வேலையாகச் செய்கின்றன. மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்பே நகர மன்றம் தன் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, தீர்மானமாக ஏற்று, அச்சிட்டு வெளியிடுகிறது. இது எங்கள் முதல் கோரிக்கை, இது இரண்டாவது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எது பட்டியலில் இல்லை என்றும் பார்க்கலாம். அங்கே நகரமும் மாநிலமும் முட்டிக்கொண்ட ஒரு செய்தி நம்மையும் தொடுகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதா நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். ஆனால் அதற்குச் சில நாள்கள் முன்பு, அதே மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரம் தன் விதிகளில் சாதியைச் சேர்த்துவிட்டது. மாநிலத்தில் நின்றுபோனதை ஒரு நகரம் தன் எல்லைக்குள் செய்துகாட்டியது.

இங்கே ரிப்பன் மாளிகையிலிருந்து கோட்டைக்குப் போகும் கோரிக்கைகள் எவை? திட்ட மதிப்பீடு, கடன் ஒப்புதல், மேம்பாலம், மழைநீர் வடிகால், பணியிட ஒப்புதல். இவை தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் வீடுகள்தான். ஆனால் நகரத்தின் பெயரால் எழுதப்படும் இந்தப் பட்டியலில் நகரத்தைச் சுத்தம் செய்பவர்கள் எங்கே? கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள் எங்கே? பட்டியலை எழுதுவது யார் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் இதற்கும் பதில் கிடைத்துவிடும். அதிகாரி எழுதுகிறார், மன்றம் கைதூக்குகிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். எங்கள் கூட்டங்களிலும் கேட்டார்கள். உள்ளூருக்கு அதிகாரம் கொடு என்று தலித்துகள் எதற்காகப் பேச வேண்டும்? 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக வைக்க மறுத்தார். தனிமனிதரை அடிப்படையாக வைத்தார். உள்ளூர் என்றால் உள்ளூர் சாதி என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? தமிழ்நாடும் அதை நிரூபித்துக் காட்டியது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். தனி ஊராட்சியின் தலைவரானார் என்பதுதான் அவர் செய்த குற்றம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலித் ஒருவரைத் தலைவராக உட்கார விடவில்லை. 2006இல் அரசு முனைந்து நின்றபோதுதான் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

நகரத்திலும் இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்கும் தீர்மானம் 2025 ஜூனில் மாநகராட்சி மன்றத்திலேயே நிறைவேறியது. ஆகஸ்ட் 1 முதல் 13 நாள்கள் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் நம் மக்கள். நேரடியாக மாநகராட்சியின் கீழேயே வேலை வேண்டும், பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தியது. தலித் பெண் மேயர் இருந்த மாளிகையின் வாசலில்தான் இது நடந்தது. இதை ஒரு தனிமனிதரின் குறையாகப் பேசி முடித்துவிடுவது எளிது. நாற்காலிக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியாகப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

எனவே எங்கள் நிலைப்பாடு இது. நகரத்துக்கு அதிகாரம் வேண்டும். ஆனால் நிபந்தனையில்லாத அதிகாரம் வேண்டாம். தொலைவில் இருக்கும் சட்டம் நமக்குப் பாதுகாப்பைத் தருகிறது. பக்கத்தில் இருக்கும் மன்றம் கேள்வி கேட்கும் வாய்ப்பைத் தருகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் மறுக்க வேண்டும். சட்டமன்றம் நகரத்துக்கு அதிகாரத்தைத் தரட்டும். அந்த அதிகாரத்தை யாருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது, யாருக்கு முதலில் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் எழுதட்டும். இந்த அளவுகோலை வைத்து நாங்கள் நான்கு கோரிக்கைகளை வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

முதலாவது, தூய்மைப் பணி. அன்றாடம் நடக்கும் வேலை, என்றைக்கும் நிற்காத வேலை. அதைத் தற்காலிகம் என்று சொல்வது பெரிய பொய். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ச்சியாகப் பணிசெய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பொருந்தும் நியாயம் தெருக்கூட்டும் பெண்ணுக்கு ஏன் பொருந்தக் கூடாது? உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்கள் யார் மூலம் அமர்த்தப்பட்டிருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் திருத்தம் வர வேண்டும். இதைச் செய்ய மாநகராட்சியால் முடியாது. சட்டமன்றத்தால் முடியும். மாநகராட்சி செய்யக்கூடியது, அப்படித் திருத்துங்கள் என்று தீர்மானம் போட்டு அனுப்புவது. திருத்தம் வந்தபின் சம்பளச் செலவை நகரம் எப்படிச் சமாளிக்கும் என்று கேட்பார்கள். அதற்கான நிதியையும் அதே தீர்மானத்தில் கேட்க வேண்டும். மேம்பாலத்துக்குக் கேட்கத் தெரிந்த மன்றத்துக்கு இதற்குக் கேட்கத் தெரியாதா?

இரண்டாவது, சாக்கடை மரணம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் 1993க்குப் பிந்தைய இந்த மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. சமூக நீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்கு இந்த முதலிடம். சென்னையில் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்திடம் இருப்பதால், ஒரு மனிதர் குழிக்குள் இறந்தால் அந்த வார்டு கவுன்சிலர் மன்றத்தில் எழுந்து கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அந்த அவையில் இல்லை. எனவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். நகர எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணத்தையும் வாரியம் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் எழுத்துமூலம் வைக்க வேண்டும். யார் அமர்த்தியது, எந்த இயந்திரம் ஏன் பயன்படவில்லை, யார்மீது வழக்கு, குடும்பத்துக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்ததா என்பது அதில் இருக்க வேண்டும். பெயரில்லாமல் போன மரணங்கள் அவைக்குறிப்பில் பெயரோடு பதிவாக வேண்டும்.

மூன்றாவது, குடியிருக்கும் நிலம். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டம் நல்ல சட்டம். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே வசதிகள் செய்து தரவும், மக்களை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கவும் அதில் வழி உண்டு. அப்போது சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு அறிவிப்பே இல்லை. அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்கள், அறிவிப்பில் விடுபட்டவர்கள் எல்லோரும் 'ஆக்கிரமிப்பாளர்கள்' ஆனார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெற்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டன.

இதில் பேசப்படாத ஒரு இழப்பு உண்டு. தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் இருந்தது சத்தியவாணிமுத்து நகர். தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த தலித் தலைவர் அன்னை சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய இடம் அது. கோட்டைக்குப் பக்கத்தில். 2019 இறுதி முதல் அங்கிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இல்லை. அது ஒரு ஊராட்சி. 2022 பிப்ரவரியில் சென்னைக்குக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சென்னையைக் கட்டியும் கூட்டியும் சுமந்தும் வாழ்ந்த அந்த மக்களுக்கு அதில் வாக்கு கிடையாது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நகரம் விரிந்தபோதும் அதன் கோட்டுக்கு வெளியே அவர்கள் வைக்கப்பட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் தூரமாகிப் போவது ஒரு இழப்பு என்றால், தங்களை வெளியேற்றிய நகரத்தைக் கேள்வி கேட்கும் வாக்குரிமை போவது இன்னொன்று.

எனவே மாநகராட்சி கேட்க வேண்டியவை மூன்று. வார்டு வாரியாகக் கணக்கெடுத்து அனுப்பும் பகுதிகளை 1971 சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். மன்றத்தின் ஒப்புதலும் குடியிருப்போரின் ஒப்புதலும் இல்லாமல் எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது. மாற்றுக் குடியிருப்பு மாநகர எல்லைக்குள், முடிந்தவரை அதே மண்டலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு நிலம் எங்கே என்பார்கள். அரசுக்கு ஒரு திட்டம் வேண்டுமென்றால் நகரத்துக்குள் நிலம் எப்படிக் கிடைக்கிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நான்காவது, மன்றமும் நிதியும். காலம் முடிந்த உள்ளாட்சிக்குத் தேர்தலைத் தள்ளிப்போட முடியாதபடி மாநிலச் சட்டத்தில் பூட்டுப் போட வேண்டும். குடிநீர் வாரியம், வாழ்விட மேம்பாட்டு வாரியம், பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மன்றத்தின் முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. பல ஆண்டுகளாக இயக்கங்கள் கேட்டுவந்த சட்டம் அது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்தச் சட்டத்தின்படி வரும் பணம் எந்த வார்டில், எந்தத் தெருவில், எதற்காகச் செலவாகிறது என்பதை மன்றத்தில் வைத்து விவாதிக்கும் கடமை சட்டத்தில் சேர வேண்டும். கணக்கு கோட்டையில் மட்டும் இருந்தால் தெருவில் இருப்பவர் அதைச் சரிபார்க்க முடியாது.

இந்த நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதுவும் சலுகை அல்ல. ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கும் ஒரு சட்டத்தின் மீது நிற்கிறது. 1971, 1978, 1981, 2013, 2024. இல்லாத ஒன்றை நாம் கேட்கவில்லை. இருக்கும் சட்டம் நம் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே வரட்டும் என்கிறோம்.

சரி, இதை யார் எழுதுவது, எப்படி அனுப்புவது? மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப எந்தப் புதிய அதிகாரமும் தேவையில்லை. 32 தனி வார்டுகளின் கவுன்சிலர்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒரே ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்துக்காக எழுந்து நின்றால், அதை அவைக்குறிப்பிலிருந்து எளிதில் நீக்க முடியாது. கட்சிக் கட்டுப்பாடு அவர்களைத் தடுக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு எதிரான ஒரே எடை வார்டு மக்களின் அழுத்தம்தான். வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல் வந்திருக்கின்றன. பகுதி சபை கூடும் நாளில் நம் தெருக்காரர்கள் பத்துப் பேர் எழுதிய கோரிக்கையோடு போய், அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்பது சின்ன வேலைதான். ஆனால் அடுத்த மாதம் அந்தப் பதிவேடு சாட்சி சொல்லும்.

கோட்டைப் பக்கமும் வழிகள் உண்டு. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பை வெளியிடும். மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வரும். வாழ்விட வாரியமும் வளர்ச்சிக் குழுமமும் வீட்டுவசதித் துறையின் கீழ் வரும். எந்த நாள் எந்தத் துறை என்று முன்கூட்டியே தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் தொகுதி உறுப்பினர் மேசையில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தால், அவர் பேசும்போது அது பயன்படும். வெட்டுத் தீர்மானம் கொடுக்கச் சொல்லலாம். மாணவர்கள் இந்தக் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் மன்றத் தீர்மானங்களையும் படிக்கப் பழக வேண்டும் என்று வேண்டுகிறோம். நாவலை எவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறோமோ அவ்வளவு உன்னிப்பாக. 'வழங்கலாம்' என்பதற்கும் 'வழங்க வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க மொழி தெரிந்தவர்கள்தான் தேவை. அந்த மொழி நம்மிடம் இருக்கிறது.

இந்தப் பாதை நமக்குப் புதிதுமல்ல. ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இல் சென்னை மேயரானார். பட்டியல் சாதியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல்வர் அவர். பின்னர் 1946 முதல் 1955 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். ந. சிவராஜ் 1945இல் மேயரானார். அண்ணல் அம்பேத்கரோடு நின்று பட்டியல் சாதியினர் கூட்டமைப்பை வழிநடத்தியவர் அவர். ரிப்பன் மாளிகைக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நம் முன்னோர் நடந்து கடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மைவிடக் குறைவான சட்டங்களும் குறைவான இடங்களுமே இருந்தன.

2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் சாலை போடுவீர்களா, விளக்குப் போடுவீர்களா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடக் கூடாது. கோட்டைக்கு அனுப்பும் பட்டியலில் எங்கள் நான்கு கோரிக்கைகளையும் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பதிலை எழுதி வாங்க வேண்டும். வார்டுக்கு ஒரு சிறு குழு போதும். நான்கு கோரிக்கைகளை உங்கள் பகுதிக்கு ஏற்பத் திருத்துங்கள், ஐந்தாவதைச் சேருங்கள், வரிசையை மாற்றுங்கள். அச்சில் வரும் இந்த உரையின் கடைசிப் பக்கத்தை அதற்காகவே வெற்றுத்தாளாக விடச் சொல்லியிருக்கிறோம். கையெழுத்து வாங்க அந்தத் தாள் பத்தாமல் போனால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். 112 அடிவரை போனவர்கள் நம் முன்னோர்.